முதலில் வளைவு, பிறகுதான் ரெயில்!

கிறிஸ்துமஸ் காலை. அமெரிக்காவில் ஒரு வீடு. கூடத்தில் அலங்கார மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பையன் ஓடி வந்து பிரிக்கிறான். உள்ளே ஒரு குட்டி ரெயில்!

என்ஜின் ஒன்று. பெட்டிகள் மூன்று, நான்கு. தண்டவாளத் துண்டுகள் ஒரு கட்டு. அவற்றைக் கோத்தால் ஒரு நீள்வட்டம் வரும். மின்சாரத்தை விட்டால் ரெயில் கடகடவென்று சுற்றும். வீடே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்.

சில நாட்களில் ஆசை வளருகிறது. நீளமான பயணிகள் பெட்டிகளைத் தந்தை வாங்கி வருகிறார். பெரிய என்ஜினும் வருகிறது. பழைய வட்டத்திலேயே அவற்றை ஓட விடுகிறார்கள். நேர்ப்பாதையில் ராஜநடை! வளைவு வந்ததும் ஒரு பெட்டி சாய்கிறது. அடுத்த பெட்டியையும் இழுத்துக்கொண்டு கவிழ்கிறது. தூக்கி வைத்தால் மறுபடியும் அதே இடத்தில் கவிழ்கிறது.

ஒரு மாதம் போகிறது. ரெயில் அட்டைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அட்டைப் பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. தந்தைக்குப் பணம் நஷ்டம். பையனுக்கு மனம் நஷ்டம்.

இது ஒரே ஒரு வீட்டின் கதை அல்ல. குட்டி ரெயில் விளையாட்டு உள்ள எல்லா நாடுகளிலும் நடக்கிற கதை.

குற்றம் யார் மேல்?

"என்ஜின் மட்டமானது" என்பார் தந்தை. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்பார் தாத்தா. "பையனுக்குப் பொறுமை இல்லை" என்பார் தாய்.

பெரும்பாலும் மூன்றுமே தவறு. குற்றம் வளைவின் மேல். வளைவைத் திட்டம் போடாமல் போட்டவர்கள் மேல்!

வீடு கட்டுகிறவர் முதலில் நூல் பிடிக்கிறார். தையற்காரர் துணியை வெட்டுமுன் அளவு எடுக்கிறார். ரெயில் விளையாட்டில் மட்டும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் ரெயிலை வாங்குகிறார்கள். அடுத்தது மேஜை. கடைசியில், மிச்சம் இருக்கும் இடத்தில் வளைவைத் திணிக்கிறார்கள்.

முறையான வரிசை வேறு. முதலில் இடம். அந்த இடத்துக்கு ஏற்ற வளைவு. அந்த வளைவுக்கு ஏற்ற ரெயில். இந்த மூன்றையும் இந்த வரிசையில் வைத்தால் போதும். பாதித் தொல்லை அப்போதே தீர்ந்துவிடும்.

பழைய விளையாட்டு

குட்டி ரெயில் நேற்று வந்தது அல்ல. ஜெர்மனியில் மார்க்லின் என்ற பொம்மைக் கம்பெனி உண்டு. 1891-ம் ஆண்டு லைப்சிக் நகரத்துச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலை அந்தக் கம்பெனி காட்டியது. அதன் பாதை 8 என்ற எழுத்தைப் போல வளைந்திருந்தது. தண்டவாள அகலத்துக்கு ஒழுங்கான அளவுகளையும் அப்போது ஏற்படுத்தினார்கள். அதனால்தான் இன்று வாங்கிய பாதையோடு நாளை வாங்குவதையும் சேர்க்க முடிந்தது.

அமெரிக்காவில் 1900-ம் ஆண்டில் லயனல் கம்பெனி தோன்றியது. இங்கிலாந்தில் 1920-ம் ஆண்டில் ஹார்ன்பி ரெயில்கள் வந்தன.

இன்று உலகில் மிகவும் பரவி இருப்பது "எச்.ஓ." என்ற அளவு. உண்மை ரெயிலை 87 மடங்கு சிறிதாக்கினால் இந்த அளவு வரும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16½ மில்லி மீட்டர்தான் இடைவெளி. ஏறக்குறைய ஒரு விரல் அகலம்!

ரெயிலை 87 மடங்கு சுருக்கிவிட்டார்கள். சரி. வளைவையும் 87 மடங்கு சுருக்கினால் என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல்.

ஆணியும் நூலும்

ஒரு பலகையில் ஆணி அடியுங்கள். அதில் நூல் கட்டுங்கள். நூலின் மறுமுனையில் பென்சிலைக் கட்டிச் சுற்றுங்கள். ஒரு வட்டம் வரும். நூலின் நீளம்தான் அந்த வட்டத்தின் ஆரம். நூல் நீளமானால் வளைவு மெதுவாக இருக்கும். நூல் குட்டையானால் வளைவு கடுமையாக இருக்கும். வளைவைப் பற்றிய சாத்திரம் முழுவதும் இந்த நூலில் அடக்கம்!

அமெரிக்காவில் பெட்டியோடு வரும் எச்.ஓ. தண்டவாளத்தின் ஆரம் பெரும்பாலும் 18 அங்குலம். இதை உண்மை ரெயிலின் கணக்குக்கு மாற்றினால் சுமார் 130 அடி வருகிறது.

பென்சில்வேனியாவில் "குதிரை லாட வளைவு" என்று புகழ் பெற்ற ரெயில் வளைவு ஒன்று இருக்கிறது. 1854-ம் ஆண்டில் திறந்தார்கள். மலை மேல் ரெயில் ஏறுவதற்காகப் பள்ளத்தாக்கைச் சுற்றி வளைத்துப் போட்ட பாதை அது. பார்ப்பதற்கே தலை சுற்றும். அத்தகைய கடும் வளைவுக்கே ஆரம் 600 அடிக்கு மேல்! அதை 87 மடங்கு சுருக்கினாலும் 7 அடி வரும். வட்டம் முழுவதும் போட வேண்டுமானால் 14 அடி அகலம் வேண்டும்.

எந்த வீட்டில் இவ்வளவு இடம் இருக்கிறது? ஆகவே குட்டி ரெயில்காரர் ஒவ்வொருவரும் வளைவைக் குறுக்கியே தீர வேண்டும். குறுக்குவது தப்பு இல்லை. எதுவரை குறுக்கலாம் என்று தெரியாமல் குறுக்குவதுதான் தப்பு.

பெட்டி ஏன் சாய்கிறது?

ரெயில் பெட்டி வளையாது. அது நேரான கட்டை. வளைந்த பாதையில் நேரான கட்டை போகும்போது, அதன் இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டிக்கொள்ளும். நடுப்பகுதி உட்பக்கம் ஒதுங்கும். பெட்டி நீளமானால் இந்தக் கோணலும் அதிகம். பக்கத்துப் பெட்டியோடு சேர்க்கும் கப்ளிங் ஒருபக்கமாக இழுபடும்.

இன்னொன்றும் உண்டு. தரையில் வளைந்து கிடக்கும் கயிற்றை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கயிறு நேராகப் பார்க்கும். ரெயிலும் அப்படித்தான். முன்னால் என்ஜின் இழுக்கிறது. பின்னால் கனமான பெட்டிகள் தடுக்கின்றன. நடுவில் உள்ள லேசான பெட்டி உட்பக்கமாக இழுக்கப்பட்டுக் கவிழ்கிறது.

இதற்குப் பழகியவர்கள் ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களிடம் உள்ள பெட்டிகளில் மிக நீளமானதை அளந்துகொள்ளுங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். வளைவின் ஆரம் அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

அமெரிக்காவின் பழைய கூட்ஸ் பெட்டி 40 அடி நீளம். குட்டி ரெயிலில் அது 5½ அங்குலம். மூன்று மடங்கு 16½ அங்குலம். ஆகவே 18 அங்குல வளைவில் சுகமாக ஓடும். நீண்ட பயணிகள் பெட்டி 85 அடி. குட்டி ரெயிலில் அது சுமார் 11¾ அங்குலம். மூன்று மடங்கு 35 அங்குலம்! அதை 18 அங்குல வளைவில் விட்டால் கவிழாமல் என்ன செய்யும்?

சில கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. கப்ளிங்கைப் பெட்டியின் உடம்பில் மாட்டாமல், சக்கரச் சட்டத்தில் மாட்டுகின்றன. அதனால் நீளப் பெட்டியும் சிறிய வளைவில் ஒருவாறு ஓடிவிடும். ஆனால் அழகு இருக்காது. சின்னச் சந்தில் பெரிய பஸ் திரும்புவது போல இருக்கும்!

மேஜை செய்யும் மோசம்

அமெரிக்கக் கடைகளில் பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் கிடைக்கிறது. ஆகவே பலரும் அதை ஒன்று வாங்கி, கால் வைத்து, அறையின் நடுவில் போடுகிறார்கள். "மேஜை தயார்" என்று மகிழ்கிறார்கள்.

பலகையின் அகலம் 48 அங்குலம். 18 அங்குல ஆரம் உள்ள வட்டத்துக்கு 36 அங்குலம் போய்விடும். 22 அங்குல ஆரம் என்றால் 44 அங்குலம் போய்விடும். அப்போது ஓரத்தில் மிஞ்சுவது பக்கத்துக்கு 2 அங்குலம்தான். ரெயில் கவிழ்ந்தால் நேரே தரைக்குப் போகும்! இதற்கு மேல் பெரிய வளைவு அந்தப் பலகையில் ஏறாது. பலகை வாங்கிய அன்றே வளைவின் தலைவிதி முடிந்துபோகிறது.

இடமாவது மிச்சமா? அதுவும் இல்லை. மேஜையைச் சுற்றி நடக்க நான்கு பக்கமும் 2 அடி வழி வேண்டும். அப்போது 8 அடிக்கு 12 அடி அறை தேவை. அதாவது 96 சதுர அடி. அதில் ரெயிலுக்குக் கிடைப்பது 32 சதுர அடிதான். மீதி 64 சதுர அடியும் மனிதர் நடக்கிற வழி!

இதை அப்படியே உள்ளே வெளியே புரட்டுங்கள். மனிதர் நடுவில் நிற்கட்டும். ரெயில் சுவரை ஒட்டிச் சுற்றட்டும். சுவர் ஓரமாக 2 அடி அகலத்தில் பலகை அடியுங்கள். அதே அறையில் இப்போது ரெயிலுக்கு 64 சதுர அடி. நடுவில் நிற்க 32 சதுர அடி. அறையின் மூலைகளில் 36 அங்குல வளைவும் தாராளமாக அமையும். நீளப் பெட்டியும் ஓடும். கதவு இருக்கும் இடத்தில் மட்டும் தூக்கி மாட்டும் பலகை ஒன்று செய்துகொள்ள வேண்டும்.

அதே அறைதான். அதே பணம்தான், கொஞ்சம் கூடலாம். யோசனை மட்டும் வேறு. இதற்காகத்தான் காகிதத்தில் ஒரு மணி நேரம் செலவு செய்ய வேண்டும் என்பது.

"எங்களுக்கு அறையே இல்லையே!"

நியாயமான கேள்வி. தனி அறை எல்லார் வீட்டிலும் இருக்காது. அப்படியானால் ஆசையைக் குறைக்க வேண்டும். வளைவைக் குறைக்கக் கூடாது.

சிறிய இடத்தில் சிறிய ரெயிலே அழகு. குட்டையான என்ஜின், 40 அடிக் கூட்ஸ் பெட்டிகள், ஒரு கிளைப்பாதை. 18 அங்குல வளைவில் இவை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வளைவே இல்லாமலும் விளையாடலாம்! இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ஒரு பாதை அமைத்தார். "இங்கில்நூக்" என்று பெயர். சுவர் அலமாரியின் ஒரு தட்டுப் போதும். மூன்று சைடிங்குகள். ஒன்றில் 5 பெட்டி நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கும். மொத்தம் 8 பெட்டிகள். சீட்டுக் குலுக்கி 5 பெட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசையிலேயே அவற்றைக் கோத்து ரெயிலை ஆயத்தம் செய்ய வேண்டும். என்ஜின் முன்னும் பின்னும் போய் ஷண்டிங் செய்யும்.

இது எத்தனை விதமாக வரும் தெரியுமா? 6,720 விதம்! தினம் ஒரு ஆட்டம் ஆடினாலும் 18 ஆண்டுகள் புதிதாக ஆடலாம். வட்டத்தில் வெறுமனே சுற்றும் ரெயில் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். இது அலுக்காது. இடம் இல்லாதவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வளைவு போடும் விதம்

திட்டம் முடிந்தபின் பாதை போட வேண்டும். இதிலும் சில விதிகள் உண்டு.

முதலாவது: உண்மை அளவிலேயே பலகையின் மேல் வரையுங்கள். சின்னக் காகிதத்தில் எல்லாம் அடங்கியது போலத் தோன்றும். பலகையில் வரைந்தால்தான் குட்டு வெளிப்படும். நூல் இழுபடக் கூடியது. ஆகவே நீண்ட மரச் சட்டத்தில் ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் பென்சிலும் வைத்து வரைவது நல்லது.

இரண்டாவது: நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குத் திடீரென்று திருப்பாதீர்கள். மெள்ள மெள்ளத் திரும்பட்டும். உண்மை ரெயில் பாதையிலும் அப்படித்தான் போடுகிறார்கள். பயணிகள் தூங்கிக்கொண்டே போவது அதனால்தான். குட்டி ரெயிலில் இதற்குச் சுலப வழி உண்டு. வட்டத்தைச் சுமார் அரை அங்குலம் உள்ளே தள்ளி வரையுங்கள். நேர்கோட்டையும் வட்டத்தையும் வளையக்கூடிய மெல்லிய மரச் சட்டத்தால் இணையுங்கள். சட்டம் தானாக வளையும் விதமே சரியான வளைவு.

மூன்றாவது: இடப்பக்கம் திரும்பியவுடன் வலப்பக்கம் திருப்பாதீர்கள். பாம்பு போல் நெளியும் பாதை பார்க்க அழகு. பெட்டிக்கோ ஆபத்து. ஒரு கப்ளிங் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் இழுக்கும். இரண்டு வளைவுக்கும் நடுவே, மிக நீளமான பெட்டி அளவுக்காவது நேர்ப்பாதை விடுங்கள்.

நான்காவது: வளைவில் தண்டவாள இணைப்பு உடைந்தாற்போல் கோணலாக நிற்கக் கூடாது. வளையும் தண்டவாளமாக இருந்தால், இரண்டு துண்டுகளையும் நேராக வைத்தே பற்ற வையுங்கள். பிறகு சேர்த்து வளையுங்கள்.

ஐந்தாவது: பாதை பிரியும் பாயிண்டுகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரண்டரை அடிக்கு அப்பால் கை எட்டாது. ரெயில் எப்போதும் எட்டாத இடத்தில்தான் கவிழும்!

ஆறாவது: மேடு ஏற்றுவதில் பேராசை வேண்டாம். 100 அங்குலம் போனால் 2 அங்குலம் ஏறலாம். ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போக வேண்டுமானால் குறைந்தது 3 அங்குலம் ஏற வேண்டும். அதற்கு 150 அங்குலம், அதாவது 12½ அடிப் பாதை தேவை. இறங்க இன்னொரு 12½ அடி. "ஊட்டி ரெயில் 12½ அடிக்கு ஒரு அடி ஏறுகிறதே?" என்று கேட்கலாம். அங்கே தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் இருக்கிறது. என்ஜினில் பல் சக்கரம் இருக்கிறது. பற்றிக்கொண்டு ஏறுகிறது. சாதாரணக் குட்டி என்ஜினுக்கு அந்தப் பல் ஏது?

இரண்டு பட்டியல்

ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் குட்டி ரெயில் பாதைத் திட்டம் பற்றி 1963-ம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். இந்தக் கலையில் அவர் பெரிய ஆசான். 2004-ம் ஆண்டில் காலமானார்.

திட்டம் போடுமுன் இரண்டு பட்டியல் எழுதச் சொன்னார் அவர். ஒன்றில், மாற்ற முடியாதவற்றை எழுத வேண்டும். அறையின் நீளம், அகலம், கதவு, ஜன்னல், கையில் உள்ள பணம். மற்றொன்றில் ஆசைகளை எழுத வேண்டும். எந்த ரெயில், எத்தனை ஸ்டேஷன், எவ்வளவு நீளம். முதல் பட்டியலுக்குள் அடங்கும் ஆசைகளே நிறைவேறும்.

அடங்குமா என்று பார்க்க அவர் ஒரு வழியும் சொன்னார். அறையின் படத்தைச் சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். சதுரத்தின் அளவை வளைவின் ஆரமே தீர்மானிக்கும். ஆரத்தோடு, பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் இடைவெளியை இரண்டு தடவை கூட்டினால் சதுரத்தின் ஒரு பக்கம் வரும். ரெயில் திரும்பிவர இரண்டு சதுர அகலம் வேண்டும். அறையில் எத்தனை சதுரம் இருக்கிறது என்று எண்ணினால் போதும். எது முடியும், எது முடியாது என்று உடனே தெரியும்.

வாசலில் கோலம் போடுகிற பெண் என்ன செய்கிறாள்? முதலில் புள்ளி வைக்கிறாள். வாசலின் அகலம் பார்த்துப் புள்ளியின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறாள். பிறகே இழை இழுக்கிறாள். இழை எங்கேயும் முட்டுவது இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் சதுரமும் அந்தப் புள்ளியும் ஒன்றே!

விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கா?

"குழந்தை விளையாட்டுக்கு ஆரமும் சதுரமும் எதற்கு? சும்மா ஓட்டிவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் சொல்வார்கள்.

தரையில் வட்டம் போட்டு ஓட்டும் சின்னக் குழந்தைக்கு இது வேண்டாம்தான். ஓட்டட்டும், கவிழ்க்கட்டும், கைகொட்டிச் சிரிக்கட்டும். ஆனால் பணம் போட்டு, பலகை அடித்து, நிரந்தரமாகப் பாதை போட நினைக்கும் வீட்டுக்குக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் விளையாட்டே இல்லாமல் போகிறது. பரண் மேல் தூங்கும் ரெயில்களே அதற்குச் சாட்சி.

தந்தையும் மகனும் உட்கார்ந்து அளக்கட்டும். மகளும் கூட உட்காரட்டும். புள்ளிக்கோலம் தெரிந்த தாய் அருகில் இருந்தால் இன்னும் நல்லது! பள்ளிக்கூடத்தில் கசக்கும் வட்டமும் ஆரமும் இங்கே இனிக்கும். எல்லா ஆசையும் ஒரு அறைக்குள் அடங்காது என்று குழந்தைக்குப் புரியும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று வீடு கூடிப் பேசும். ரெயில் ஓடுவதற்கு முன்பே கிடைக்கும் லாபம் இது.

ஆகவே கடைக்குப் போகுமுன் அறைக்குப் போங்கள். பணப்பையை எடுக்குமுன் அளவு நாடாவை எடுங்கள். வளைவை முதலில் போடுங்கள். ரெயில் தானாக ஓடும்!